விசிபிலிட்டி முப்பது மீட்டர்

கவிப்பிரியா விண்ணப்பத்தில் அந்த ஒரு வார்த்தையை எழுதாமல் இருந்திருந்தால் பாதி வம்பு வந்திருக்காது. படிவத்தின் ஒன்பதாம் கட்டத்தில் ‘இந்தத் தேதியைக் கோருவதற்கான காரணம்’ என்று கேட்டு இரண்டு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள். அதற்குள் அடங்குகிற மாதிரி, ‘அப்போதுதான் நல்ல விசிபிலிட்டி கிடைக்கும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் சேர்வராயன் மலையில் செம்மநத்தத்துப் பெண். வயது இருபத்தெட்டு. கோயமுத்தூரில் மூன்று வருஷம் வேலை பார்த்து, பிடிக்காமல் மலைக்குத் திரும்பி வந்தவள். ஏற்காட்டுக்காரன் ஜாபெஸோடு சேர்ந்து இரண்டு வருஷமாக ஒரு மொபைல் கேம் செய்துகொண்டிருந்தாள். பெயர் ‘பலாப்பழ ஜீப்’. ஜீப் கொள்ளாமல் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து சேலம் சந்தைக்கு இறங்க வேண்டும். வளைவுக்கு வளைவு பழம் உருளும். குறுக்கே காட்டெருமை வந்து நிற்கும். ஒரு பழம்கூட விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஜெயித்த மாதிரி. புரோகிராம் அவளுடையது, படம் ஜாபெஸுடையது.

மார்ச் மாதத்தில் ஆப் ஸ்டோர்க்காரர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. கேமை ஓட்டிப் பார்த்தோம், பிடித்திருக்கிறது, ஏப்ரல் கடைசிச் செவ்வாய் தொடங்கி வியாழன் மாலை ஐந்து மணிக்குள் வெளியிட்டால் கோடை விடுமுறைக்கான முன்பக்கத்தில் வைக்கிறோம், அந்த நேரம் தவறினால் மறுபடி கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். அந்த மூன்று நாளில் பெரிய கம்பெனி எதுவும் கேம் விடுவதாக இல்லை. பள்ளிக்கூடப் பரீட்சையும் முடிந்திருக்கும். ஸ்டோரில் தினமும் ஆயிரக்கணக்கில் புதுச் சரக்கு வந்து விழுகிறது. முதல் இரண்டு நாளில் மேலே ஏறினால் ஏறினதுதான். அடியில் போய்விட்டால், செய்தவளே பெயரைச் சொல்லித் தேடினாலும் நாலு பக்கம் தள்ளித்தான் கிடைக்கும்.

தேதியை அவளே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். முடியாது. காரணம் ஊக்கு ஆபீஸ்.

‘சேர்வராயன் மலை எண்ணிமத் தொழில் ஊக்குவிப்பு வாரியம்’ என்று ஏரிக்கு மேலே ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் பலகை தொங்கும். அதை முழுசாகச் சொல்ல ஊரில் யாருக்கும் மூச்சு இல்லை. அதனால் ஊக்கு ஆபீஸ். மலையில் கம்ப்யூட்டர் தொழிலை வளர்ப்பது அதன் வேலை. ஆறு வருஷமாக வளர்த்துக்கொண்டிருந்தது. கவிப்பிரியாவுக்கும் ஜாபெஸுக்கும் அங்கே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னலோரம் நின்றால் கிடைக்கிற வைஃபை. இதற்கு ஈடாக நாற்பது பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதில் பதினான்காம் விதி இப்படிச் சொன்னது: வாரியத்தின் கூரையின்கீழ் உருவாகும் எந்தப் பொருளும் ‘வெளியீட்டு நேர நிர்ணயக் குழு’ குறிக்கும் நாளில், குறிக்கும் நேரத்தில்தான் வெளிவர வேண்டும். மீறினால் பொருளின் உரிமை முழுவதும் வாரியத்தைச் சேரும்.

“கூரை நாலு எடத்துல ஒழுகுதே, அதுக்கு விதி ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று ஜாபெஸ் அப்போதே கேட்டான். விதி இருக்கவில்லை.

படிவத்தை வாங்கிக்கொண்டது கண்காணிப்பாளர் சாந்தாமேரி. அந்த ஆபீசில் எது எங்கே இருக்கிறதென்று தெரிந்த ஒரே ஆள்.

“ஏன் கண்ணு, செவ்வாக்கெழமையா கேட்டிருக்கறே?”

“அந்த மூணு நாள்தானுங்க்கா குடுத்திருக்கறாங்க.”

“எனக்கொண்ணுமில்ல சாமி, நான் கோயிலுக்குப் போறது ஞாயித்துக்கெழம. குழுவுல இருக்கறவங்க செவ்வாய் வெறுவாய்ம்பாங்க. பாத்துக்க” என்று சீல் வைத்தாள்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கூடவே இணைப்பாக ஒரு அட்டவணை. ஏப்ரல் மாதத்தில் ஏற்காட்டில் எந்தெந்த மணிக்கு மூடுபனி எவ்வளவு என்று தேதி வாரியாகப் போட்டிருந்தது. ‘கோரப்பட்ட செவ்வாயன்று காலை விசிபிலிட்டி முப்பது மீட்டருக்குள் இருக்க வாய்ப்புள்ளதால், கோரிக்கை ஏற்புடையதாக இல்லை’ என்று கீழே எழுதியிருந்தது.

அவள் அந்தக் காகிதத்தை மூன்று தரம் படித்தாள். ஜாபெஸிடம் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான். வெளியே உண்மையிலேயே பனி மூடித்தான் இருந்தது.

திட்ட இயக்குநர் ஞானசுந்தரத்தைப் போய்ப் பார்த்தாள். அவர் இதற்கு முன் மீன் வளர்ப்பில் இருந்தவர். நிதானமான மனிதர். எதையும் நேரில் பார்க்காமல் முடிவெடுக்க மாட்டார்.

“நானே போய் நின்னு பார்த்தேம்மா” என்றார். “காலையில ஏழு மணிக்கு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல. கீழ சேலம் தெரியலை. ஒரு ஊரே தெரியாத நேரத்துல உங்க கேம் எப்படித் தெரியும்? அஞ்சு இஞ்ச் போன்ல இருக்கிற பொருள்.”

“சார், அது வேற விசிபிலிட்டிங்க. ஸ்டோர்ல முன்பக்கத்துல வர்றதுங்க.”

“ஸ்டோர் எங்க இருக்கு?”

“எல்லார் போன்லயும் இருக்குதுங்க.”

“வார விடுமுறை எந்த நாள்?”

“லீவே இல்லீங்க சார். இருபத்துநாலு மணி நேரமும் தெறந்திருக்கும்.”

ஞானசுந்தரம் பேனாவை மூடி வைத்தார். “எப்பவும் திறந்திருக்கிற கடைக்கு எப்பப் போனா என்னம்மா? அவசரப்படக் கூடாது. நான் மீன் குஞ்சு விட்டிருக்கேன். எந்தக் குஞ்சும் என்கிட்ட தேதி கேட்டதில்லை.”

குஞ்சுகள் பிழைத்தனவா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. மறுபரிசீலனைக்கு ஒரு படிவம் வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. செம்மநத்தத்திலிருந்து காலையில் ஸ்கூட்டியில் கிளம்புவாள். ஆபீசில் யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். பதினொரு மணிக்குச் சாந்தாமேரியைக் கேட்பாள். மத்தியானம் இன்னொரு தரம் கேட்பாள். வீட்டில் அம்மா முத்தாயி, சோற்றைப் பிசைந்தபடியே இருக்கிற மகளைப் பார்த்து, “அந்த ஜீப்ப இன்னும் உடலயா கண்ணு? ஊட்டுல இருக்கற பலாவே பழுத்து உழுந்து போச்சு” என்பாள்.

மறுபரிசீலனை என்பது குழு உறுப்பினர்கள் கேமை ஆய்வு செய்வது. முதலில் ஆண்டனி ராஜ் வந்தார். ரோடு போடுகிற வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற இன்ஜினியர். இரண்டு மணி நேரம் விளையாடினார். இருபத்தெட்டுப் பழத்தைக் கீழே போட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

“இருபத்திரெண்டு வளைவு வருது.”

“ஆமாங்க சார்.”

“மலையில இருபதுதான்.”

“இது கற்பனை ரோடுங்க சார்.”

“கற்பனை ரோடா இருந்தாலும் வளைவுக்கு அனுமதி வேணுமே. கூடுதல் வளைவு ரெண்டுக்கும் யார் பொறுப்பு? நாளைக்கு ஒருத்தன் விளையாடிப் பழகிட்டு நிஜ ரோட்டுல வந்து, இருபத்தொண்ணாவது வளைவைத் தேடித் திருப்பினா?” அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது.

ஜாபெஸ் இரண்டு வளைவை வெட்டி எடுத்தான். வெட்டின இடத்தில் ரோட்டை இழுத்து ஒட்டினான்.

அடுத்து வந்தவர் தனபால். தங்கும் விடுதிக்காரர்கள் சார்பில் குழுவில் இருப்பவர். காட்டெருமை முறைக்கிறது, சுற்றுலாப் பயணிகள் பயந்துவிடுவார்கள் என்றார். அதை எடுத்துவிட்டு மயில் போடச் சொன்னார். மயில் வந்தால் ஜீப் எதற்கு நிற்க வேண்டும் என்று கவிப்பிரியா வாதாடினாள். கடைசியில் காட்டெருமை சிரிக்கலாம் என்று முடிவானது. ஜாபெஸ் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அதற்குச் சிரிப்பு வரைந்தான். முன்னைவிட அது இன்னும் பயங்கரமாக ஆகிவிட்டது. தனபாலுக்குத் திருப்தி.

“பழத்துக்கெல்லாம் பெல்ட் போட்ருங்க” என்று போகிற போக்கில் ஒன்று சொன்னார். “விழாது பாருங்க.”

“விழுகறதுதானுங்க கேமே.”

“பாதுகாப்புன்னு வந்துட்டா கேம் எல்லாம் அப்புறம்தாங்க அம்மணி.”

டிரைவருக்கு மட்டும் பெல்ட் போட்டு அவரைச் சமாதானப்படுத்தினார்கள்.

இதற்குள் ஜாபெஸுக்குப் பெங்களூரிலிருந்து வேலை உத்தரவு வந்துவிட்டது. ஒரு பெரிய கேம் கம்பெனி. மே முதல் செவ்வாயன்று சேர வேண்டும். அதைக் காட்டிவிட்டு, “நான் இன்னும் சரின்னு எழுதல கவி” என்றான். “நம்மது வெளிய வந்து நாலு பேரு வெளையாடினா நான் எங்கயும் போகல. வரலைன்னா நான் வேற என்ன பண்றதுன்னு நீயே சொல்லு.”

அவள் எதிரே சிரிக்கிற காட்டெருமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் செவ்வாயும் வந்தது. திருத்தின கேமை ஸ்டோர்க்காரர்கள் பரிசோதித்து ஒப்புதல் கொடுத்தாயிற்று. ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. போனிலேயே அழுத்தலாம். செவ்வாய் குழு கூடவில்லை, போதுமான ஆள் வரவில்லை. புதன் ஆள் வந்தார்கள். ஞானசுந்தரம், கூட்டங்களைத் தாமதமின்றி நடத்துவது எப்படி என்ற பயிற்சிக்குச் சேலம் போய்விட்டார். கூட்டம் வியாழன் மூன்று மணி என்று முடிவானது.

மூன்று மணிக் கூட்டம் மூன்றே முக்காலுக்குத் தொடங்கியது. நீளமான மேசை. தலைப்பக்கம் ஞானசுந்தரம், இரு பக்கமும் ஆண்டனி ராஜ், தனபால் உள்ளிட்ட ஆறு உறுப்பினர்கள், கடைக்கோடியில் கவிப்பிரியாவும் ஜாபெஸும். சாந்தாமேரி தீர்மானப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள்.

நாலு மணி வரை போன கூட்டத்தின் தீர்மானத்தை உறுதி செய்தார்கள். போன கூட்டத்தில் அதற்கு முந்தின கூட்டத்தை உறுதி செய்திருந்தார்கள். நாலே காலுக்கு ராகு காலம் பற்றிப் பேச்சு வந்தது. வியாழனுக்கு ஒன்றரையிலிருந்து மூன்று, அது போய்விட்டது என்றார் தனபால். ஆனால் ஸ்டோரின் கம்ப்யூட்டர் அமெரிக்காவில் இருக்கிறது, அங்கே இப்போது விடிகாலை, அவர்கள் ஊருக்கு ராகு காலம் இனிமேல்தான் வரும் என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். கிறிஸ்தவரான ஆண்டனி ராஜ் தமக்கு இதில் நம்பிக்கை இல்லை என்றும், ஆனால் நேர வித்தியாசம் ஐந்தரை மணி நேரம்தான் என்றும் சொன்னார். அது இங்கிலாந்து என்று அவருக்குச் சொல்லப் பத்து நிமிஷம் ஆனது.

கவிப்பிரியா மேசைக்கு அடியில் போனைப் பிடித்திருந்தாள். மணி நாலு முப்பத்தெட்டு.

“சார், அஞ்சு மணிக்குள்ளங்க சார்” என்றாள்.

ஞானசுந்தரம் கையமர்த்தினார். எழுந்து நின்றார்.

“இந்தப் பொண்ணோட பதற்றம் எனக்குப் புரியுது. இளைஞர்களுக்கு இது சகஜம். ஆனா ஒரு பொருளை வெளியிடறது சாதாரண காரியம் இல்லை. வெளியிட்டா ஜனங்க பார்ப்பாங்க. பார்த்தா பிடிக்கலைம்பாங்க. அந்த ஆபத்தை நாம யோசிக்கணும். இந்த வாரியம் தொடங்கி ஆறு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒரே ஒரு வெளியீட்டுலகூட நாம தோல்வி கண்டதில்லை. ஏன்? ஒண்ணையும் வெளியிடலை. இந்தச் சாதனையை ஒரு ஜீப்புக்காக நாம இழக்கத் தயாரா இல்லை. போன வருஷம் வெள்ளக்கடையிலிருந்து ரெண்டு பேர், மழை வர்றதைச் சொல்ற ஆப் செஞ்சு கொண்டு வந்தாங்க. மழைக் காலம் முடியட்டும், நிதானமா விடலாம்னு சொன்னோம். அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. இப்ப அவங்க திருப்பூர்ல சந்தோஷமா இருக்காங்க…”

ஜாபெஸ் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளினான். அவளைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியாக, அவன் படியிறங்கிப் பனிக்குள் போவது தெரிந்தது. பத்தடிக்கு அப்புறம் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கண்ணில் ரத்தம் கட்டச் செய்த பொருள், அழுத்தினால் இவர்களுக்குச் சொந்தம். அழுத்தாவிட்டால் யாருக்கும் இல்லை. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இவர்களிடம் போனாலும் போகட்டும், யாராவது ஒரு பிள்ளை எங்காவது உட்கார்ந்து அதை விளையாடும். கட்டை விரலால் அழுத்தினாள். ‘நிச்சயமாகவா?’ என்று போன் கேட்டது. அதற்கும் அழுத்தினாள். மணி நாலு ஐம்பத்திரண்டு.

ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. ஞானசுந்தரம் பேசிக்கொண்டே போனார். ஐந்தேகாலுக்கு, விளையாட்டை ஐப்பசியில் வெளியிடுவது பற்றி ஆவணியில் கூடி முடிவெடுக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

தூக்கின கைகள் இறங்குவதற்குள் ஆண்டனி ராஜின் சட்டைப் பையில் ‘டிங்’ என்றது. அடுத்துத் தனபாலுக்கு. அப்புறம் மேசை முழுக்க ஒவ்வொன்றாக. ஆய்வுக்கு வசதியாக இருக்கட்டுமென்று போன மாதம் எல்லோர் போனிலும் அவள் முன்பதிவு செய்து கொடுத்திருந்தாள். முன்பதிவு செய்தவர்களுக்குக் கேம் வெளியானதும் தானாகவே இறங்கிவிடும். தனபால் என்னவோ ஏதோவென்று தொட்டுத் திறந்துவிட்டார். ஜீப் ஹாரன் அறை அதிர அடித்தது.

“இது என்ன சத்தம்?” என்றார் ஞானசுந்தரம்.

கவிப்பிரியா எழுந்து நின்றாள். “நான்தானுங்க சார் உட்டுட்டேன். நாலு அம்பத்திரெண்டுக்கு.”

ஞானசுந்தரம் ஒப்பந்தக் கோப்பை எடுத்து வரச் சொன்னார். பதினான்காம் விதியை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் அவருடைய போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சென்னையிலிருந்து மேலதிகாரி.

“ஐயா… ஆமாங்கய்யா… வாரியம் பேர் போட்டு வருதுங்களா? நம்ம கேம்தாங்கய்யா… பேத்தி விளையாடுறாங்களா? சந்தோஷங்கய்யா… ஆமாங்கய்யா, முன்பக்கத்துல வரணும்னுதான் நேரத்தைக் கணக்குப் பண்ணி… நம்ம குழுதாங்கய்யா.”

போனை வைத்தார். பிறகு உட்கார்ந்து, ஒப்பந்தத்தை மூடினார்.

“எழுதுங்கம்மா” என்றார் சாந்தாமேரியிடம். “குழு அனைத்து அம்சங்களையும் ஆழ்ந்து பரிசீலித்து, விசிபிலிட்டி மிகச் சிறப்பாக உள்ள நேரம் இதுவே என்று கண்டறிந்து, இன்று மாலை நாலு ஐம்பத்திரண்டுக்கு வெளியிட ஏகமனதாகத் தீர்மானித்தது.”

சாந்தாமேரி எழுதினாள். நிமிர்ந்து பார்க்காமலே, “தீர்மானம் எத்தன மணிக்கு எடுத்ததுன்னு போடட்டுங்க சார்?” என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். “நாலு ஐம்பத்தொண்ணு.”

உரிமை போகவில்லை என்று கவிப்பிரியாவுக்கு உறைக்க, படியிறங்கி ஏரிக்கரை வரை வர வேண்டியிருந்தது. ஜாபெஸுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினாள். வெகுநேரம் கழித்து, ‘பெங்களூருக்குச் சரின்னு எழுதிட்டேன். நாலு நாப்பத்தெட்டுக்கு’ என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமையும் கேம் முன்பக்கத்தில் இருந்தது. சனிக்கிழமை தன் வகையில் ஒன்பதாவது இடம். சிரிக்கிற காட்டெருமையைப் படமெடுத்து யார் யாரோ பகிர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திட்டு வர ஆரம்பித்தது. பதினான்காவது வளைவில் ரோடு திடீரென்று முடிந்து ஜீப் பாதாளத்தில் விழுகிறதாம். பார்த்தால், இரண்டு வளைவை வெட்டி ஒட்டின இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பிளவு. ஒற்றை நட்சத்திரமாகக் குவிந்தது. அவள் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிட்டாள். அதை ஸ்டோருக்கு ஏற்றும் முன்பே ஞானசுந்தரத்தின் கடிதம் வாட்சப்பில் வந்தது: வெளியீட்டைக் குழு நிர்ணயித்ததால், வெளியீட்டின் ரிப்பேரையும் குழுவே நிர்ணயிக்கும். அடுத்த கூட்டம் ஜூன் இரண்டாம் வாரம். அதுவரை பயனாளிகள் பதினான்காவது வளைவைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

திங்கட்கிழமை காலை அவள் ஊக்கு ஆபீசுக்குப் போய் மேசைச் சாவியை ஞானசுந்தரத்தின் முன்னால் வைத்தாள். “நாங்க வெலகிக்கிறோமுங்க சார்.”

அவர் நிஜமாகவே திகைத்துப் போனார். “விலகறதுக்குப் படிவமே இல்லையேம்மா. இதுவரைக்கும் யாரும் முடிச்சுட்டுப் போனதில்லை. விலகும் தேதியைக் குழு கூடித்தான்…”

“தேதி நானே வெச்சுட்டேனுங்க சார். இன்னிக்குத்தான்.”

அவர் படிவம் தயாரிக்கச் சொல்லி மணியடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் படியிறங்கிவிட்டாள்.

ஜாபெஸ் பஸ் ஸ்டாண்டில், பாவாயி இட்லிக் கடை பெஞ்சில் இரண்டு பையோடு உட்கார்ந்திருந்தான். சேலம் போய்ப் பெங்களூர் வண்டி பிடிக்க வேண்டும். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். சரி செய்ததை ஏற்றினாள். அழுத்தினாள்.

“ரோட்ட ஒட்டிட்டியா?” என்றான்.

“ஒட்டிட்டேன். ஆனா அசிங்கமா இருக்குது. பாறை ஒண்ணு வரைஞ்சு மறைக்கோணும்.”

அவன் எட்டிப் பார்த்தான். “பாறை வேண்டாம். அங்க ஒரு பலாமரம் வெக்கலாம். ஒரு கிளை ரோட்டு மேல வந்தா, அதுல இருந்தும் பழம் உழுகும்.”

“உழுந்தா?”

“ஜீப்புல உழுந்தா ஒரு பழம் சேத்தி.”

பத்தே கால் பஸ் ஹாரன் அடித்தது. அவன் பார்த்தான். “அடுத்ததுல போறேன்” என்றான். அது பதினொன்றுக்கு வந்தது. அப்போது கிளை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று இரண்டு பேருக்கும் சண்டை. பன்னிரண்டு மணி வண்டியின் கண்டக்டர் இறங்கி வந்து, “ஏனுங்க தம்பி, காலைல புடிச்சு பையோட உக்காந்திருக்கறீங்க. வர்றீங்களா, இல்லீங்களா?” என்று கேட்டார்.

ஜாபெஸ் எழுந்தான். பையின் ஜிப்பைத் திறந்தான். துணிகளுக்கு அடியில் கையை விட்டு கம்ப்யூட்டரில் வரைகிற பேனாவையும் பலகையையும் வெளியே எடுத்தான்.

“பாவாயிக்கா, பிளக் எங்கிருக்குதுங்க?”

பாவாயி கிரைண்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைக் காட்டினாள்.